உப்பளத்து அவுட்பாக்ஸ்

ஆபீஸ் மெயிலைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் உங்கள் ஞாபகம் ஒருவருக்கும் வராது. ஒரே ஒரு மெயில் வராமல் போகட்டும், கழிவறையில் இருந்தாலும் வந்து கதவைத் தட்டுவார்கள். இதைப் படிப்பவர்களில் அந்தக் கதவுக்கு உட்புறம் நின்றவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் தட்டியவர்கள். அவர்களும் படிக்கலாம், புத்தி வரும்.

எனக்கும் பேக்ஸுக்கும்

2004 பொங்கல் முடிந்த கையோடு மரக்காணத்தில் ஓர் உப்புக் கம்பெனியில் சேர்ந்தேன். அதற்கு முன் குயிலாப்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்தேன். அதை மூடிவிட்டார்கள். எங்கள் வீடு பெரிய முதலியார்சாவடியில். காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்தால் மரக்காணம். கம்பெனியின் தலைமை ஆபீஸ் புதுச்சேரியில். அங்கே முதலாளியும் கணக்கு பார்க்கும் சபாபதி சாரும். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி ஒரு சின்ன ஆபீஸ். அதில் உப்பளத்தைக் கவனிக்கும் மேஸ்திரி ஏழுமலை அண்ணா, உப்பைச் சோதித்துப் பார்க்கும் லேப் ஜெயந்தி, நான். இரண்டு ஊருக்கும் நடுவே மெயில் போகவேண்டும், வரவேண்டும், எல்லாருடைய காலண்டரும் எல்லாருக்கும் தெரியவேண்டும். அதற்குத்தான் என்னை எடுத்தார்கள்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் பாதி மனசோடுதான் வாங்குவார். மெயில் வந்த பிறகும் பழைய பேக்ஸ் மெஷினை விற்கவில்லை. அதற்கு ரெக்ஸினில் உறை தைத்து, என் மேஜைக்கு எதிரிலேயே வைத்திருந்தார். என்னை அப்போதைக்குத் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார். நிரந்தரமானால் வீட்டிலிருந்தே போய்வரலாம். இல்லாவிட்டால் சென்னையில் கால் சென்டர், ராத்திரி ஷிப்ட், சித்தி வீட்டு ஹாலில் படுக்கை. அம்மா சித்தியிடம் பேசியே வைத்துவிட்டாள். சித்தி நல்லவள்தான், ஹால்தான் சின்னது. எனக்குப் போக இஷ்டமே இல்லை. முதல் நாளே முதலாளி பேக்ஸைக் காட்டிச் சொன்னார்: "மழை ஆரம்பிக்கறதுக்குள்ள மெயிலு ஒழுங்கா ஓடிச்சுன்னா நீ இரும்மா. இல்லன்னா அந்த உறைய எடுத்துட வேண்டியதுதான்."

பச்சை பூத்த ஒயர்

சேர்ந்த இரண்டாவது வாரமே மெயில் நின்றது. மோடம் விளக்கு எரிகிறது, லைனில் சத்தம் வருகிறது, ஆனால் கனெக்ட் ஆகவில்லை. பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன். சாப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். புதுச்சேரிக்குப் போன் செய்து அங்கே சர்வரை அணைத்து ஏற்றச் சொன்னேன். நம் வழக்கமான பூஜைகள் எல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே. கடைசியில் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தால் முனையில் பச்சையாகப் பூத்திருக்கிறது. உப்புக் காற்று தின்ற செம்பு.

அதிலிருந்து என் டிராயரில் ஸ்க்ரூ டிரைவரை விட ரப்பர்தான் முக்கியம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பர். திங்கட்கிழமை காலையில் மோடம் ஒயர், நெட்வொர்க் கார்டு என்று எல்லா முனையையும் தேய்த்து எடுப்பேன். எதிரே உறைக்குள் இருந்த பேக்ஸுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. அதுதான் எனக்கு எரிச்சல். நான் தேய்ப்பதை வாசலில் நின்று பார்த்த ஏழுமலை அண்ணா ஆறுதலாகத்தான் சொன்னார்: "இந்த ஊர்ல சைக்கிளே ரெண்டு வருஷம் தாண்டாது. உன் ஒயரு எம்மாத்திரம்மா?"

வெள்ளை வெள்ளையாக

யாரோ ஒரு வியாபாரி எப்போதோ "உப்பு என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டார். உடனே டிஜிட்டல் கேமரா வாங்கினார்கள். ஜெயந்தி தினமும் குவியலைப் படம் பிடித்து எல்லாருக்கும் மெயில் அனுப்புவாள். ஒவ்வொரு படமும் யானை கனம். டெலிபோன் லைனில் அது ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் நான் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். ஏப்ரலில் ஒரு நாள் புதுச்சேரி மெயில்பாக்ஸ் நிரம்பி வழிந்தது. சென்னையிலிருந்து ஒரு பெரிய வியாபாரி ஆர்டர் அனுப்பியிருக்கிறார். இடமில்லை என்று மெயில் திரும்பிப் போய்விட்டது. அவர் கோபத்தில் என்ன செய்தார் என்று சொல்லவேண்டுமா? என் எதிரே ரெக்ஸின் உறைக்குள்ளிருந்து க்ரீச் என்று சத்தம் வந்தது. உறையையே தூக்கிக்கொண்டு காகிதம் வெளியே நீண்டது.

மறுநாள் புதுச்சேரிக்குப் போய் உட்கார்ந்து மெயில்பாக்ஸைத் துப்புரவு செய்தேன். படங்களைத் திறந்தால் எல்லாம் வெள்ளை. மார்ச் மாதமும் வெள்ளை, ஏப்ரலும் வெள்ளை. ஒரே ஒரு படத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு காக்கா. "சார், இதையெல்லாம் அழிச்சுடட்டுமா? இதுல என்ன பாக்கறீங்க?" என்று சபாபதி சாரைக் கேட்டேன். அறுபதை நெருங்கிய மனிதர், மடித்த கைக்குட்டையைக் காலருக்குள் வைத்திருப்பார். பதறிப்போய்விட்டார். படத்தைச் சின்னதாக்கி அனுப்ப ஜெயந்திக்குச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, நிறுத்தச் சொல்லவில்லை. காரணம் சபாபதி சார் சொன்னதுதான்: "நான் ஒண்ணையும் தொறக்கறதில்லம்மா. படம் வந்துச்சுன்னா அங்க இன்னைக்கு வெயில் அடிச்சுதுன்னு அர்த்தம்."

அக்செப்ட்

காலண்டருக்கு வருவோம். முதலாளிக்கு மெயிலை விடக் காலண்டர்தான் பிடித்திருந்தது. மீட்டிங் என்று ஒரு கட்டம் போட்டால் எல்லாருக்கும் போய்விடும். அவர்கள் அக்செப்ட், டென்டேடிவ், டிக்ளைன் என்று மூன்று பட்டனில் ஒன்றை அமுக்கவேண்டும். யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று அவர் உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். புதன்கிழமை பதினோரு மணிக்குப் புதுச்சேரியில் மீட்டிங் போட்டார். மரக்காணத்திலிருந்து ஏழுமலை அண்ணாவுக்கு மட்டும்தான் அழைப்பு, அவர் அக்செப்ட். புதன்கிழமை அவர் போகவில்லை. அடுத்த வாரமும் அக்செப்ட், அவர் போகவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "உன் காலண்டரு பொய் சொல்லுதும்மா" என்றார். அது என்னவோ நான் பெற்ற பிள்ளை மாதிரி.

பட்டன் வேலை செய்கிறதா, பதில் சரியாகப் போகிறதா என்று இரண்டு நாள் நோண்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஏழுமலை அண்ணாவிடமே போனேன். "அண்ணா, வரப்போறதில்லன்னா டிக்ளைன் அமுக்குங்க."

"அப்படின்னா என்னாம்மா அர்த்தம்?"

"வர முடியாதுன்னு அர்த்தம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "முதலாளி மூஞ்சிக்கு நேரா முடியாதுங்கறதா?"

சரி, டென்டேடிவ் அமுக்குங்கள், பார்க்கலாம் என்று அர்த்தம் என்றேன். அது இன்னும் மோசம் என்றார். கூப்பிட்டவருக்குப் பார்க்கலாம் என்று பதில் சொல்ல நாம் என்ன கலெக்டரா? அக்செப்ட் என்பது அவருக்கு வருகிறேன் என்பதில்லை. கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொள்வது மாதிரி. வாங்கிக்கொண்டவர்கள் எல்லாருமா போகிறோம்? எனக்குப் புரியவைக்க அவர் பொறுமையாகச் சொன்னார்: "கூப்பிட்டா சரிங்கன்னு சொல்றது மரியாத. வர்றது வேற விஷயம்மா."

எட்டு மணிக்கு விடிகிற காலண்டர்

அப்படியானால் ஏன் வரவில்லை? இதைக் கேட்க எனக்கே ஒரு மாதம் ஆயிற்று. கேட்கவேண்டிய கட்டாயம் வந்தது. முதலாளி ஒரு நாள் ஏழுமலை அண்ணாவின் காலண்டரைத் தன் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, நான் பக்கத்தில் இருக்கும்போதே, "பாரு, வாரம் பூரா காலியா கெடக்குது. இந்த ஆளு என்னதான் பண்றான்?" என்றார். குரல் நன்றாக இல்லை. ஒரு மனிதருடைய சோற்றில் நான் போட்ட காலண்டர் மண்ணைப் போடப்போகிறது என்று பயந்துவிட்டேன். என் வேலை போவது ஒன்று. அவர் வேலை என்னால் போவது வேறு.

திரையை ஒருமுறை உற்றுப் பார்த்தேன். சாப்ட்வேரில் நாள் காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் இருப்பது எதுவும் திறந்ததும் தெரியாது, மேலே உருட்டவேண்டும். மௌஸை வாங்கி உருட்டினேன். விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஒன்பதுவரை கட்டம் கட்டமாக நிறைந்திருந்தது. பாத்தி பார்த்தல், உப்பு வாருதல், மோட்டார், லாரி ஏற்றுதல் என்று நான் சொல்லிக் கொடுத்தபடியே அழகாகப் போட்டு வைத்திருந்தார். வெயில் ஏறிவிட்டால் உப்பளத்தில் கால் வைக்கமுடியாது, கண்ணும் கூசும். அதனால் நாம் பல் தேய்க்கும் நேரத்தில் அவர்களுக்கு முக்கால் நாள் முடிந்துவிடும். பதினோரு மணிக்கு அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கிற எனக்குத் தெரிந்த விஷயம்தான் இது, காலண்டரோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்றே எல்லாக் கம்ப்யூட்டரிலும் நாள் ஆரம்பிக்கும் நேரத்தை இரண்டு மணி ஆக்கினேன். புதன்கிழமை மீட்டிங் மரக்காணத்துக்கே மாறியது, காலை ஒன்பதரைக்கு, முதலாளி கார் எடுத்துக்கொண்டு வருவார். முதல் மீட்டிங்குக்குக் கொட்டாவியோடு வந்து இறங்கியவர் ஏழுமலை அண்ணாவைப் பார்த்துச் சொன்னார்: "யோவ், தூங்கற ஆள மாசக்கணக்கா மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருக்கேன், ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

வெள்ளிக்கிழமை அடைப்பு

இது கொஞ்சம் நீளம். என் தலைமுடி நரைக்க ஆரம்பித்ததும் இதில்தான்.

புதுச்சேரியிலிருந்து வியாபாரிகளுக்குப் போகிற மெயில் சில சமயம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகிறது என்று புகார். எல்லா நாளும் இல்லை. எல்லா மெயிலும் இல்லை. ஜெயந்தி அனுப்பினால் போகிறது, சபாபதி சார் அனுப்பினால் நிற்கிறது. அதிலும் "சௌக்கியமா" மெயில் போகிறது, விலை சொல்லும் மெயில் நிற்கிறது. திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் திறந்ததும் நிற்கிறது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு நிற்கிறது. மெயிலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்து நிறுத்துகிற சர்வரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. வைரஸ் என்று நினைத்துத் துடைத்தேன். லைனில் நெரிசல் என்று நினைத்துப் புகார் எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் பயனில்லை. "பேக்ஸ்ல இந்தத் தொல்லை இல்ல" என்று முதலாளி இரண்டு முறை சொல்லிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை புதுச்சேரிக்குப் போய் சபாபதி சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு புது வியாபாரிக்கு விலை டைப் செய்தார். முடித்தார். படித்துப் பார்த்தார். பிறகு மேலே மெனுவைத் திறந்து 'ஒர்க் ஆஃப்லைன்' என்பதைத் தட்டி லைனைத் துண்டித்தார். டீ சொன்னார். நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், ஏன் கட் பண்ணீங்க?"

"ராகு காலம்மா. பன்னெண்டு வரைக்கும். சும்மா பேசற மெயிலுன்னா பரவால்ல. புதுசா ஒரு காரியம் ஆரம்பிக்கறோம் இல்ல?" எனக்குத் தெரியாததைச் சொல்கிற மாதிரி இல்லை, மறந்துபோனதை ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னார். சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ராகு காலம், எமகண்டம் எல்லாம் அச்சிட்டிருந்தது. அவருக்கு நிஜமான காலண்டர் அதுதான்.

நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். அவரிடம் வாதாடி என்ன ஆகப்போகிறது? ஆனால் அவர் லைனைத் துண்டித்தால் வருகிற மெயிலும் நின்றுவிடும். அதனால் வேறு வழி காட்டினேன். மெயிலை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். இத்தனை மணிக்கு முன்னால் அனுப்பாதே என்று அந்த மெயிலுக்கு மட்டும் ஒரு குறி வைக்கலாம். அதுவரை அவுட்பாக்ஸில் உட்கார்ந்திருக்கும், நேரம் வந்ததும் தானாகப் போகும். பன்னிரண்டு மணி அடித்தது, மெயில் போயிற்று. அவர் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் பாக்கி. "பாத்தியா, கம்ப்யூட்டருக்கே நேரங்காலம் தெரியுது. என் மருமகனுக்குத்தான் தெரியல."

கடைசி வெள்ளிக்கிழமை

அதற்குப் பிறகு புகார் குறைந்தது. செப்டம்பர் போயிற்று. அக்டோபரில் ஒரு நாள் மேகம் கட்டியது. குவியல்களின் மேல் கீற்று போட்டு மூட ஆரம்பித்தார்கள். ஜெயந்தியின் படங்கள் நின்றுவிட்டன. எனக்குக் கொடுத்த கெடுவும் முடிந்துவிட்டது. புதன்கிழமை மீட்டிங் முடிந்து காரில் ஏறும்போது முதலாளி சொன்னார்: "வெள்ளிக்கிழம காலைல மெயில்ல சொல்றேன். மெயில் பாத்துக்கற பொண்ணுக்கு மெயில்லதான் சொல்லணும்." முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிட்டேன். ஒயர் முனைகளைத் திங்கட்கிழமைதான் தேய்த்தேன், இருந்தாலும் தேய்த்தேன். ஒன்பது, பத்து, ஒன்றும் வரவில்லை. ஜங்க் போல்டரைத் திறந்தேன். என் மெயில்பாக்ஸில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். பதினொன்றுக்கு என் சொந்த மெயிலிலிருந்து ஆபீஸ் மெயிலுக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பினேன். உடனே வந்து குதித்தது. சாதாரணமாக அது வந்தால் சந்தோஷப்படுவேன். அன்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். லைன் சரி, சர்வர் சரி என்றால் யாரும் எனக்கு எதையும் அனுப்பவில்லை என்றுதானே அர்த்தம்?

பன்னிரண்டுக்குச் சர்வரே கிடைக்கவில்லை. போன் செய்தேன். புதுச்சேரி ஆபீஸில் கரண்ட் போய்விட்டது, எல்லாரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள், முதலாளி ஊரில் இல்லை என்று வாட்ச்மேன் சொன்னார். மூன்று மணிக்குச் சர்வர் வந்தது. மெயில் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஜெயந்தி தூசி தட்டுகிறேன் என்று பேக்ஸின் உறையைக் கழற்றினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தி வீட்டு ஹாலில் டிவி எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

தூங்கி எழுந்து வந்த ஏழுமலை அண்ணா என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். "அடப் போம்மா, போன் போட்டுக் கேக்க வேண்டியதுதான?" என்றார்.

மெயில் அனுப்பினீர்களா என்று போன் செய்து கேட்பவர்களை அந்த ஒன்பது மாதம் நான் திட்டாத திட்டில்லை. நானே எப்படிக் கேட்பது? அவர் போனை எடுத்து என் கையில் வைத்துவிட்டார். சபாபதி சார்தான் எடுத்தார்.

"சார், முதலாளி எனக்கு ஏதாவது மெயில் அனுப்பச் சொன்னாரா?"

"சொன்னாரே. ஊருக்குக் கெளம்பறப்பயே, பத்தே முக்காலுக்கு. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே பன்னெண்டு தாண்டி போறதுக்குக் குறி வெச்சேன். பன்னெண்டுக்குக் கரண்டு போச்சு. வந்தப்ப எமகண்டம் ஆரம்பிச்சிடுச்சு. இப்ப நாலரைக்கு மாத்தி வெச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் கண்டுபிடித்துக் கொடுத்த வழி, என் மெயில்தான் அதில் உட்கார்ந்திருக்கிறது. "சார், அதுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க."

"எமகண்டத்துல எப்படிம்மா அத வாயால சொல்றது? நாலரைக்கு நீயே படிச்சுக்க."

நான் போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சபாபதி சார் கேட்டார்: "ஏம்மா, கெட்ட சேதியா இருந்தா நான் எதுக்கு நேரம் பாக்கப் போறேன்?"

ஆகவே, உடன் அவதிப்படுபவர்களே, வரவேண்டிய மெயில் வரவில்லை என்றால் சர்வரையும் ஒயரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அனுப்புகிறவர் வீட்டுச் சுவரில் எந்தக் காலண்டர் தொங்குகிறது என்று விசாரியுங்கள்.